நொடிகள் இல்லாத கடிகாரம்

திருவல்லிக்கேணியில் ஒரு முஸ்லிம் சமூகக் கூடத்தின் வெப்சைட்டைப் புதுப்பித்துக் கொடுத்தேன். நோன்பு திறக்கும் நேரத்தை நொடி நொடியாக எண்ணிக் காட்டும் கடிகாரம் அதில் என் பெருமை. ரமலானில் அதைக் கூடத்துப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள்; முதல் நாள் மாலை என்னையும் அழைத்திருந்தார்கள்.

திரையில் பூஜ்யம் வந்தது. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத கூட்டம், கையில் பேரீச்சம்பழத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"டைம் தப்பா காட்டுதா பாய்?" என்று பக்கத்திலிருந்த செயலாளரிடம் கேட்டேன்.

"கரெக்டுதான் சார். பாங்கு சொல்லட்டும்."

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. அவர் தன் பழத்தை என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க எடுங்க."

மதியம் வயிறாரச் சாப்பிட்டவன் நான். அது அவருக்கும் தெரியும்.

மறுநாளே கடிகாரத்திலிருந்து நொடிகளை எடுத்துவிட்டேன். அந்தக் கூடத்தில் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.