கெல்னர் பற்றவைக்காத சுருட்டு

ஒபதியா கெல்னர் விளக்குக் குடையை நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்கிறார். பற்றவைக்காத சுருட்டு வாயின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறது. "இது அழுவுது, எங்கயோ கீறல். உடைச்சு உலையில போடு!" என்கிறார் பட்டறை ஆளிடம்.

பெல்லேர் ஊரின் கண்ணாடிப் பட்டறைகளில் மின்விளக்குக்குக் குடை செய்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் செய்வது எரிவாயு விளக்குக்கு. அதன் வாய் மேல்நோக்கி இருக்கும். கெல்னருடையது கவிழ்ந்து தொங்கும். நாடகக் கொட்டகைக்காரர்கள் வழக்கம்போல நிமிர்த்தித் தரச் சொன்னார்கள். "தீக்கொழுந்துக்குத்தான்யா மேலதான் போவேன்னு பிடிவாதம். பல்புக்கு என்ன தலையெழுத்து? வெளிச்சம் உங்களுக்கா, கூரைக்கா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து விளக்கைத்தான் பார்ப்பார். கொழுந்தியாள் சாவிலும் அதே கூத்து.

"செத்தவளப் பாத்தீங்களா இல்லையா?" என்று மனைவி லீனா காதில் சீறினாள்.

"பாத்தேன். பாவம், அவ மூஞ்சில வெளிச்சமே விழல."

அவர் உலை எரிவது எரிவாயுவில். அதைக் கொடுக்கும் கம்பெனிதான் ஊர்த் தெருவிளக்குகளுக்கும் கொடுத்தது. அதன் ஏஜென்ட் ப்ரூயிட் ஒருநாள் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"எங்க கேஸை எரிச்சே எங்க வயித்துல அடிக்கிறீங்களா, கெல்னர்? கரண்டுக் குடைய நிறுத்துங்க. இல்லேன்னா திங்கக்கிழமை குழாய மூடிருவோம்."

உலை ஆறினால் உள்ளே கண்ணாடி உருக்கும் களிமண் கொப்பரைகள் விரிசல் விடும். அதோடு பட்டறையின் கதை முடிந்தது.

"மூடிக்க. உன் நெருப்புல இனிமே சுருட்டுகூடப் பத்தவைக்க மாட்டேன்" என்றார் கெல்னர். அன்றிலிருந்துதான் சுருட்டு பற்றவைக்காமலே அவர் வாயில் கிடந்தது.

திங்கட்கிழமை சொன்னபடியே குழாயை மூடினார்கள். உலைக்கு அடியில் பழைய கரியடுப்பு இருந்தது. எல்லோரும் அடைக்கச் சொல்லியும் அவர் அடைக்காமல் வைத்திருந்தார். ஆனால் அதற்குக் கரி ஏற்றி வந்த படகு ஆற்றில் மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. "மொதலாளி, செவப்பு மங்குது" என்றான் மேஸ்திரி லுட்ஸ், உலைக்குள் எட்டிப் பார்த்து.

கெல்னர் கோடரியோடு வீட்டுக்கு ஓடினார். முதலில் வேலி உலைக்குப் போயிற்று, பிறகு கோழிக்கூடு. கோழிகள் அடுக்களைக்குள் குடியேறின. லீனா வாசலை மறித்து நின்றாள்.

"சாப்பாட்டு மேசையவும் எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்த ப்ரூயிட் முன்னாடி தலை குனிஞ்சுட்டு இந்த வீட்டுப் படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்."

மேசையும் எரிந்தது. சாயங்காலம் கரி வந்து சேர்ந்தது. கொப்பரை ஒன்றுகூட விரியவில்லை.

மறுநாள் காலை ப்ரூயிட் ஆறிப்போன உலையைப் பார்க்க ஆசையாக வந்தான். உள்ளே யாரும் கைவேலையை நிறுத்தவில்லை. கெல்னர் லுட்ஸின் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிக் கொப்பரைக்குள் விட்டுச் சுழற்றினார். கொதிக்கும் கண்ணாடி உருண்டையை ப்ரூயிட்டின் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, குனிந்து, அதில் தன் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.