பதினொரு பக்கங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அதுதான் என் பிழைப்பே. அதனால் இதைக் கேட்டுச் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் வேலை கெர்னலில், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளத்தில், நினைவகத்தைப் பங்கிடும் பழைய நிரலைச் சுத்தம் செய்வது. நினைவகம் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரிந்து கிடக்கும். யாரும் தொடாத பக்கத்தைப் பிடுங்கி, கேட்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொரோனா வந்ததும் கீழ்வேளூர் வீட்டிலிருந்தே அதைச் செய்தேன்.

வீடு என்றால் வாடகை வீடு. வாய்க்கால் ஓரம் பதினொரு வீடுகள் இருந்த எங்கள் தெருவை அதற்கு இரண்டு வருஷம் முன்பே இடித்துவிட்டார்கள். அதற்கு முன் அரசு ஆபீசிலிருந்து அளக்க வந்தவர் நடவு சமயத்தில், பகல் பத்தரை மணிக்கு வந்தார். தெருவே வயலில் நின்றது, கதவெல்லாம் சாத்திக் கிடந்தது, 'யாரும் குடியிருக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பட்டா தருவோம் என்று மேடையில் பேசாத கட்சி இல்லை, ஆனால் அந்த ஒரு வரியை அப்பாவால் எந்த ஆபீசிலும் அழிக்க முடியவில்லை. மனு மேல் மனு போட்டுக்கொண்டே இருந்தார். தினமும் சாயங்காலம் தெரு இருந்த அந்தப் பொட்டலில் போய் உட்கார்ந்துவிட்டும் வருவார்.

"வேலை விட்டு எல்லாரும் வராங்கடா, அவங்கவங்க வாசல்ல நிக்கிறாங்க" என்பார். பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் சுடுகாட்டில், இதில் யார் வருவது? எனக்குக் கோபம்தான் வரும்.

பழைய நிரலில் ஒரு விதி இருந்தது. ஒரு பக்கம் சும்மா கிடந்தாலும் உடனே எடுக்காதே, ஒரு நாள் பொறுத்து இன்னொரு முறை பார் என்று. வீண் தாமதம் என்று அதை நீக்க நினைத்து, சோதனைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் பதினொரு பக்கங்கள் இடித்தன. எந்த புரோகிராமுக்கும் சொந்தமில்லை, பகலெல்லாம் சும்மா கிடக்கும், சாயங்காலம் ஆறே காலுக்குப் பதினொன்றையும் யாரோ தொட்டதாகப் பதிவாகும். நம்பினால் நம்புங்கள், நெட்டைப் பிடுங்கிப் பார்த்தேன், நினைவகச் சில்லையே மாற்றிப் பார்த்தேன், மறுநாளும் அதே ஆறே கால். பதினொன்று என்ற கணக்கு அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

வேலையை முடித்தாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, காலை டிபன் சாப்பிட்ட கையோடு அந்த விதியை நீக்கினேன். பதினொரு பக்கங்களும் ஒரு நொடியில் போய்விட்டன. மாற்றத்துக்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் வரும், அதில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்று அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார். அம்மா வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒருத்தரும் வரலடா" என்றார்.

பதினொன்று என்ற கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாளைக்கு வருவாங்கப்பா" என்றேன்.

"வரமாட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ ஏதாச்சும் பண்ணினியா?"

என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. "நான் என்னப்பா பண்ணப்போறேன்" என்றேன்.

அப்போதே சோதனைக் கம்ப்யூட்டரில் பழைய நிரலைத் திரும்பப் போட்டேன். மறுநாள் ஆறே காலுக்குத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கமும் தொடப்படவில்லை. அப்பா பொட்டலுக்குப் போவதை விட்டார், மனு என்ன ஆயிற்று என்று கேட்பதையும் விட்டார், அந்த வருஷ அறுவடையைப் பார்க்காமலே போய்விட்டார்.

நான் அனுப்பிய மாற்றத்தைக் கம்பெனியில் ஏற்றுக்கொண்டார்கள், அது இப்போது எங்கெங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்ப எடுக்கச் சொல்லலாம்தான், என்ன காரணம் சொல்வேன்? அந்தக் கம்ப்யூட்டரை நான் இன்னும் அணைக்கவில்லை, சாயங்காலம் ஆனால் போய்ப் பார்க்கிறேன், பூஜ்யம்தான். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அன்று எழுதிய வரியை ஒருநாள் தேடி எடுத்துப் படித்தேன். 'யாரும் பயன்படுத்தவில்லை.' கீழே என் பெயர். பக்கத்தில் தானாகப் பதிவான நேரம், பகல் பத்தரை மணி.