பேசாத சேலைகள்

சர்க்கரை நோயில் என் வீட்டுக்காரருக்குப் பார்வை போனதிலிருந்து, வீட்டில் எதையும் வாசித்துச் சொல்வது நான்தான். கரண்ட் பில், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவருக்குச் சலிப்பும் உண்டு என்பது இந்தச் சேலை விஷயத்தில்தான் தெரிந்தது.

இத்தனை வருடத்தில் எனக்கென்று அவராக ஒரு சேலை எடுத்ததே இல்லை. பார்வை இருந்த காலத்திலும் கடையில் தூணோரமாக நின்றுகொண்டு, உனக்குப் பிடித்ததை எடு என்று சொல்கிற ஆள்தான். இந்தக் கல்யாண நாளுக்கு எனக்குத் தெரியாமல் தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எப்படியோ அவர் மனதில் விழுந்துவிட்டது. இதையெல்லாம் பிறகுதான் சொன்னார். அப்போது நான் பார்த்ததெல்லாம், மனிதர் சாப்பாட்டைக்கூட மறந்து போனும் காதுமாக உட்கார்ந்திருந்ததைத்தான்.

அவருடைய போன் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும். செய்தி வாசிக்கும், வத்தலக்குண்டு பஸ் நேரம் சொல்லும், நத்தத்திலிருந்து என் தங்கை அனுப்பும் காலை வணக்கத்தைக்கூட விடாது. திண்டுக்கல்லில் நாங்கள் வழக்கமாகப் போகும் சேலைக்கடையின் இணையதளத்துக்குள் போனால் மட்டும், “படம், படம், படம்” என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் “பட்டன்” என்று நின்றுவிடும். சேலை என்ன நிறம், பட்டனை அழுத்தினால் வாங்குமா அழிக்குமா, ஒன்றும் சொல்லாது. குடுங்க, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அடுப்படியிலிருந்து போனேன். போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. அன்று வெஞ்சனம் எதுவும் வைக்காமல் வெறும் ரசத்தை ஊற்றினேன்.

அவர் கடைக்கே போன் போட்டிருக்கிறார். முதலாளி நல்ல மனிதர்தான். வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லோருமாக நேரில் வாருங்கள், காப்பி கொடுத்து உட்கார வைத்துக் காட்டுகிறோம் என்றாராம்.

“வீட்ல இருக்கவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்யா நானே எடுக்கப் பாக்குறேன்” என்று இவர் சொன்னதும், அவர் சிரித்துவிட்டு, படங்களை ஏற்றுகிற பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். கூட்டம் குறைந்த நேரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் போன் வாசிப்பதற்காக ஒரு வரி எழுதுவாள். இவர் மாடியில் நின்று கேட்டுப் பார்த்துச் சொல்வார். முதலில் சிவப்புச் சேலை, பச்சைச் சேலை என்று மட்டும் எழுதியிருக்கிறாள். ஆள் முன்னால் சேலையை விரிக்கும்போது இவ்வளவுதான் பேசுவாயா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவளுக்குக் கைவந்துவிட்டது. பட்டன்களுக்கும் பெயர் வந்தது. எனக்கோ போனில் ஒரு பெண் குரலோடு இவர் சிரித்துப் பேசுவதுதான் கேட்டது. இந்த வயதில் இது வேறா என்று தங்கையிடம் புலம்பினேன். அவள் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கல்யாண நாளன்று காலையில் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நீயே பிரி என்று சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பிரித்தேன். பழக்க தோஷம், உடனே அவருக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீ சொல்லாத, நான் சொல்றேன். சின்னாளபட்டிச் சுங்குடி. சின்ன வெங்காயத் தோல் கலரு. வெயில்ல பிடிச்சா லேசா ரோசு அடிக்கும். கரையில அரக்குல ரெண்டு கோடு. முந்தியில புள்ளி நெருக்கமா இருக்கும்.”

சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். ரோசு அடித்தது. முந்தியை விரித்துப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தேன்.

“என்ன, சத்தத்தையே காணோம்? கலரு மாறிப்போச்சா?” உள்ளேயிருந்து வந்த குரலில் பயம் இருந்தது.

“சரியாத்தாங்க இருக்கு” என்றேன்.

நானாகக் கடைக்குப் போயிருந்தால் அந்த நிறத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். இப்போது விசேஷம் எதுவானாலும் அதைத்தான் கட்டுகிறேன். யாராவது விசாரித்தால், என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தது என்று சொல்கிறேன்.