அண்ணன் கேட்ட கேள்விகள்

என் அண்ணன் சீகிரியாவில் முச்சக்கரவண்டி ஓட்டினார். அரசாங்க அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லை என்றாலும், அங்கே ஒரு ஹோட்டலிலிருந்து ஏற்றிச் செல்லும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் வராத ஆங்கிலம் அங்கே போன பிறகு அவருக்கு வந்தது. வாரத்தில் பாதி நாள் அங்கேயே ஓர் அறையில் தங்குவார். மற்ற நாட்களில் யட்டவத்த ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பாவும் அம்மாவும் இல்லாத அந்த வீட்டில் அண்ணி, அவர்களின் சின்ன மகள், நான்.

நான் அப்போது மாத்தளை மாவட்டத்தில் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர். மேற்படிப்புக்குப் போக வேண்டுமானால் கொழும்பில் ஒரு தெரிவுப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு, தெரியும் என்பது மட்டும் போதாது. எந்த நோயில் எந்த அறிகுறி முதலில் வரும், எந்த மருந்தை யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் வாயில் வர வேண்டும். வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தூக்கம்தான் வந்தது.

"படிச்சத நீயே ஒன்னைய கேட்டுக்கிட்டா எப்புடி பாப்பா? நான் கேக்குறேன், நீ பதில் சொல்லு" என்றார் அண்ணன்.

என் குறிப்புகளைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். சுற்றுலாக்காரர்கள் மலைமேல் ஏறிப்போன பிறகு வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவார். கேள்வி, நான் பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி, பிறகு விடை. மாத்தளை பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். "குட் மார்னிங் டாக்டர், வெல்கம்" என்று அவருடைய தொழில் குரலிலேயே ஆரம்பிப்பார். பின்னால் குரங்குகளின் சத்தம், வண்டிகளின் ஹோர்ன். நியூமோனியாவை 'ப்நியூமோனியா' என்றே வாசிப்பார். திருத்தினேன். "அந்த பி-ய சொல்லக்கூடாதுன்னா என்னத்துக்கு எழுதி வச்சிருக்காங்க?" என்று அடுத்த பதிவிலும் அப்படியே சொன்னார். பஸ்ஸில் நான் தனியாகச் சிரிப்பதைப் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சில மாதங்கள் போயின. அவருடைய சொற்கள் மெல்ல வழுக்க ஆரம்பித்தன. காற்றடிக்கிறது, போனில் கோளாறு என்று நினைத்தேன். பல்லில் ஏதாவது தொந்தரவா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்றார்.

பிறகு ஒருநாள் அண்ணி சமையலறையில் அழுதுகொண்டிருந்தார். "இவர இனிமே ஹோட்டலுக்கு வரவேணாம்னுட்டாங்களாம். குடிச்சிட்டு வண்டி ஓட்டுறாராம். பேச்சு கொழறுதாம்."

அண்ணன் வாசலில் நின்றபடி, "அந்தோனியார் மேல சத்தியமா ஒரு சொட்டு குடிக்கல" என்றார். அதைச் சொல்லும்போதே வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அண்ணி நம்பவில்லை. சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் பஸ்ஸில், அண்ணன் முதன்முதலாக அனுப்பிய பதிவை எடுத்துக் கேட்டேன். அடுத்து அந்த வாரம் வந்ததைக் கேட்டேன். முதலாவதில் சொற்கள் தனித்தனியாக, தெளிவாக இருந்தன. புதியதில் மூக்கு வழியாகப் பேசுகிற யாரோ ஒருவர் இருந்தார். அந்தப் புதிய குரல் இப்படிக் கேட்டது: "பேச்சு கொழறுது. தண்ணி குடிச்சா பொரயேறுது. தொடுற உணர்ச்சி சரி. கண்ணு அசைவு சரி. நாக்கு சூம்பி துடிக்குது. என்னா நோய் டாக்டர்?"

வழக்கமான இடைவெளி வந்தது.

"மோட்டார் நியூரோன் டிசீஸ். கரெக்டா? ஓகே, நெக்ஸ்ட்."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு மிளகுக் கொடி படர்ந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவரை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். "வாயத் தொறங்கண்ணே. நாக்க நீட்டாம, அப்படியே சும்மா வைங்க." தூறல் விழும் குளத்தின் மேற்பரப்புபோல நாக்கு முழுக்கச் சின்னச் சின்னத் துடிப்புகள். ஓரங்கள் மெலிந்திருந்தன.

இதேபோல் பேச்சைக் குழறவைக்கும் வேறொரு நோய் இருக்கிறது. பேசப் பேசக் குரல் களைத்துப்போகும், இமைகள் சரியும். அதற்கு மருந்து உண்டு, மோட்டார் நியூரோன் நோய்க்கு இல்லை. அதுவாக இருக்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு, அவரைச் சத்தமாக எண்ணச் சொன்னேன். எண்ணினார். தொடக்கத்தில் எப்படிக் குழறியதோ முடிவிலும் அப்படியே குழறியது. இமைகள் சரியவில்லை.

"பாப்பா, நான் ஒரு கேள்வி கேட்டனே, அதுவா?" என்றார்.

"அதுதான்னு சொல்ல முடியாதுண்ணே. டெஸ்ட் எல்லாம் பார்க்கணும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

கண்டியில் ஒரு நரம்பியல் நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகு அவர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் பேசுவதுபோல. நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணன் கையை உயர்த்தி, "டாக்டர், டெல் மீ. ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றார். நிபுணர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் மறைக்காமல், நிதானமாகச் சொன்னார். அண்ணன், "தேங்க் யூ, டாக்டர்" என்றார்.

பரீட்சை எழுதப்போவதில்லை என்று திரும்பும் வழியிலேயே சொன்னேன். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "நீ எழுதலன்னா நான் எதுக்கு அங்கன ஒக்காந்து அவ்வளவு நாளா கத்துனேன்?" என்றார். பஸ்ஸில் யாருக்கும் அந்தக் குழறல் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

சீகிரியா அறையைக் காலி செய்துவிட்டு வீட்டோடு இருந்தார். குரல் போன பிறகு எதிரே உட்கார்ந்து, என் குறிப்பில் ஒரு கேள்வியை விரலால் தொட்டுக் காட்டுவார். நான் வாசித்துப் பதில் சொல்லுவேன். சரி என்றால் தலையை ஆட்டுவார். விரல்களும் சோர்ந்தபோது பார்வையால் காட்டினார். அண்ணி சோற்றைக் கூழாக மசித்து, ஒரு வாய் ஊட்டிவிட்டு அது இறங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். பால் விடாத சாயத்தண்ணி அண்ணனுக்கு உயிர். புரையேறியதால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. வயிறு வழியாகக் குழாய் போட்ட பிறகு வீட்டில் வேறு யாரும் அவர் முன்னால் தேநீர் குடிக்கவில்லை.

"குடிச்சாருன்னு நெனச்சு நான் பேசாம இருந்தேனே. பேச முடிஞ்ச நாள்ல பேசாம விட்டுட்டேனே" என்று அண்ணி ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். அந்த நோயைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

முடிவு வந்தபோது அண்ணன் நெஞ்சில் சளி கட்டி வார்டில் இருந்தார். கட்டிலருகே குனிந்து, "அண்ணே, பாஸ்" என்றேன். அவர் முகம் ஒருமுறை கோணியது. பிறகு அழுதார். விக்கி விக்கி, நிறுத்த முடியாமல் அழுதார். அண்ணி அவர் கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இந்த நோயில் சிலருக்கு அழுகை காரணமில்லாமல் வரும். மனதில் துக்கமும் இருக்காது, சந்தோஷமும் இருக்காது. முகம் மட்டும் அழும். அந்தக் குறிப்பை என் கையாலேயே எழுதிப் படித்திருந்தேன். அது அப்போது நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே வார்டில்தான் அவர் போனார். மேற்படிப்பு தொடங்குவதற்கு முன்பே.

கல்லறைத் திருநாளுக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணியும் நானும் புல்லைப் பிடுங்கி, மெழுகுவர்த்தி ஏற்றினோம். மகள் அப்பால் நின்று பூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காற்றுக்கு மறைவாகக் கையை வைத்துக்கொண்டு அண்ணி கேட்டார்:

"பாப்பா, அன்னிக்கி நீங்க பாஸ்னு சொன்னப்ப, இவரு சந்தோஷத்துலதானே அழுதாரு?"

"ஆமா அண்ணி. சந்தோஷத்துலதான்."