மீட்டர் ஒன்று, அடுப்பு இரண்டு

மீட்டர் பார்க்கிற வேலையில் நாய்க்கடி, அட்டைக்கடி, ஏச்சு மூன்றும் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பன்னிரண்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன். லைட் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைக்கும் அன்பர்களே, பில் கொடுப்பவன் உங்கள் எதிரி இல்லை. என் வீட்டுக்கும் ஒருத்தர் வந்து நீட்டிவிட்டுத்தான் போகிறார்.

பிரிட்ஜுக்கு லீவு

நான் மேட்டில் ஏறுவதை ஒருத்தர் பார்த்தால் போதும், லயம் முழுக்கச் சேதி போய்விடும். நான் போய் நிற்கும்போது எந்த வீட்டிலும் டிவி ஓடாது, பல்பு எரியாது. கொழுந்து பறிக்கும் மாரியம்மா அக்கா இன்னும் ஒரு படி மேலே. பிரிட்ஜின் வயரையே கழற்றிச் சுற்றி வைத்திருப்பார்.

"அக்கா, மாசம் முழுக்க ஓடினதைத்தான் மீட்டர் காட்டும். இன்னிக்கு மட்டும் நிப்பாட்டி என்ன பிரயோசனம்?" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அக்கா கையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சொல்வார்: "உங்களுக்குத் தெரியாது தம்பி. நீங்க பாக்கையில அது சும்மா நிக்கணும், அப்பத்தான் மரியாதை."

சுவரில் ஓர் ஓட்டை

அவ்வளவு மரியாதை கொடுத்தும் அக்கா வீட்டு மீட்டர் மாதாமாதம் அறுபது யூனிட்டைத் தாண்டியது. அறுபதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடும்; உங்களுக்கும் பழகின வலிதானே. ஒருநாள் காரணத்தைக் கண்டுபிடித்தேன். சுவரில் ஓட்டை போட்டு அடுத்த காம்பரா வீட்டுக்கு ஒரு வயர் போயிருந்தது. அங்கே கொழுந்தனார் குடும்பம். தனி மீட்டர் எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். அதைக் கேட்டு அலைந்தே இரண்டு வருஷம் போயிருந்தது.

அடுத்த வீட்டுக்கு வயர் இழுப்பது குற்றம். நான் எழுதிக் கொடுத்தால் இரண்டு வீடும் இருட்டுத்தான். எனக்கு மனசு வரவில்லை. "வயரைக் கழட்டிருங்க அக்கா, பில்லும் குறையும், வம்பும் இல்ல" என்று சொல்லி, நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு நடையைக் கட்டினேன். பின்னாலேயே அக்காவின் குரல் வந்தது: "அங்க பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. வெளிச்சத்தப் புடுங்கிட்டு அது மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

மேடையேறின கதை

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. கரண்டுக்கு ஏன் இந்த விலை என்று ஆராய வேண்டும், மக்களைக் கேட்க வேண்டும், பில்லில் கணக்கை விளங்கும்படி போட வேண்டும் என்று அதில் இருந்தது. ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் பேச, அதைத் தமிழில் சொல்ல என்னைப் பிடித்து மேடையில் நிறுத்திவிட்டார்கள். அறுபதுக்குக் கீழே செலவழிப்பவை ஏழை வீடுகள், மேலே போனால் வசதியான வீடுகள் என்று அவர் படம் போட்டுக் காட்டினார்.

மாரியம்மா அக்கா எழும்பினார். வயர் கதை வெளியே வந்தால் அவருக்கு லைட் போகும், மறைத்ததற்கு எனக்கு வேலை போகும். என் மேலதிகாரி வேறு முன்வரிசையில் இருந்தார். அக்காவோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுகிற தோரணையில் கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். அக்கா கேட்டது இதுதான்: "ஐயா, எங்க வீட்டுல மீட்டர் ஒண்ணு, அடுப்பு ரெண்டு. மீட்டர எண்ணுனா நான் பணக்காரி. அடுப்ப எண்ணுனா நாங்க ரெண்டு ஏழைங்க. நீங்க எத எண்ணுனீங்க?"

அடுப்பு எண்ண வந்தவர்

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். மேலதிகாரி என்னை ஒரு முறை முறைத்தார், அதோடு சரி. கொஞ்ச நாளில் அதே அதிகாரி ஆய்வுக்கென்று லயத்துக்கு வந்து, காம்பரா காம்பராவாக அடுப்பை எண்ணி எழுதினார். சுவர் ஓட்டையையும் பார்த்தார். தண்டனை எழுதவில்லை, தோட்டத்துக்குத்தான் எழுதினார். இரண்டு வருஷமாக வராத கடிதம் இரண்டே வாரத்தில் வந்தது.

கொழுந்தனார் வீட்டிலும் மீட்டர் வைத்த பிறகு, இரண்டு வீட்டு பில்லையும் கொண்டு போனேன். எத்தனை யூனிட், எந்தப் படியில் என்ன விலை என்று வரிவரியாக இருந்ததைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை சத்தமாக வாசித்தாள். இரண்டு வீடும் அறுபதுக்குள்! எனக்கே கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தால், அக்கா வீட்டு பிரிட்ஜின் வயர் அன்றும் சுற்றித்தான் கிடந்தது. அக்கா சிரித்தார்: "சட்டம் அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி. நீங்க வர்ற அன்னிக்கு இது நிக்கட்டும்."

பன்னிரண்டு வருஷமாக மீட்டரை மட்டும் பார்த்து எழுதிய என்னை அடுப்பையும் பார்க்க வைக்க, நாட்டுக்கு ஒரு சட்டமும் எனக்கு ஒரு மாரியம்மா அக்காவும் வேண்டியிருந்தது.