வெளிவராத எட்டாம் பதிப்பு

1. பொதுக் களஞ்சியம்

தொண்ணூறுகளின் இறுதியில் மலாக்கா நகரில் நானும் மனோகரனும் சிறிய கணினி அலுவலகம் ஒன்றை நடத்தினோம். பகலில் கடைகளுக்கான கணக்கு மென்பொருள். வேலை முடிந்தபின் மோட். விற்பனையில் உள்ள ஒரு விளையாட்டுக்குள் நம்முடைய இடங்களையும் விதிகளையும் புகுத்தி, அதை வேறொரு விளையாட்டாக்குவதற்குத்தான் மோட் என்று பெயர். ஒரு சுடும் விளையாட்டின் துப்பாக்கிகளை நீக்கி, அதை ஒளிந்து பிடிக்கும் ஆட்டமாக மாற்றிக்கொண்டிருந்தோம். நிரல் என் பொறுப்பு. இடங்களை உருவாக்கும் மேப் வேலை மனோவுடையது.

சோதனைப் பதிப்புகளை இணையத்தில் ஒரு பொது நிரல் களஞ்சியத்தில் வைத்தோம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், குறை சொல்லலாம். அது டயல்-அப் காலம். முழு விளையாட்டையும் ஒவ்வொரு முறையும் ஏற்ற லைன் தாங்காது. ஆகவே முந்தைய பதிப்பிலிருந்து மாறியவற்றை மட்டும் பேட்ச் கோப்பாக வெளியிட்டோம். உடன் வைத்த ரீட்மீ குறிப்பில் நான் கண்டிப்பாக எழுதியிருந்தேன்: பேட்சுகளை எண் வரிசைப்படி ஏற்றுங்கள், ஓர் எண்ணையும் தாண்டாதீர்கள்.

ஏழு பதிப்புகள் அவ்வாறே சென்றன. முகமறியாத சிலர் ஒவ்வொன்றையும் சோதித்து மின்னஞ்சல் எழுதினார்கள்.

2. சனியின் எண்

அடுத்த பதிப்பில்தான் மனோவின் தோட்டம் இடம்பெற்றது. அவர் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர்களின் லயத்து வீடுகள், ரப்பர்ப் பால் கொட்டகை, நிரை நிரையாக மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் பாலுக்காகச் சாய்வாகப் போட்ட வெட்டுக்குக் கீழே பால் சேரும் மங்கு என எதையும் அவர் விடவில்லை. அதே சமயம் சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்திருந்தது.

“அண்ணே, நாலு பேரு இத வெளையாடிட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும். நான் எங்கயும் போகல. ஒருத்தனும் வாயத் தொறக்கலன்னா பெட்டியக் கட்டிருவேன்” என்றார்.

வெளியிடும் நாளன்று கோப்பின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“எட்டா? வேணாண்ணே. சனியோட நம்பர். ஒம்பதுன்னு போடுங்க.”

“கம்ப்யூட்டருக்கு ஏது மனோ சனி?”

“கம்ப்யூட்டருக்கு இல்ல, எனக்கு இருக்குலா! ஆறாவது வெர்ஷன்ல ஸ்கிரீனே கருப்பாச்சே, மறந்துட்டீங்களா?”

“அது ஆறுதானே?”

“ஆறுக்கே அந்தக் கதி. எட்டுன்னா ஆபீஸே எரிஞ்சிரும்.”

கார் எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்ததற்காகவே நல்ல காரை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர் அவர். பக்கத்துக் கடைச் சீன நண்பர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ மனோ, எட்டு ஓங் நம்பர் லா, அதிர்ஷ்ட நம்பர்! ஒனக்கு வேணான்னா எனக்குக் குடு!” மூவரும் சிரித்தோம். ஏழின் மேல் நேரடியாக ஏறும்படி பேட்சை அமைத்து, ஒன்பது என்று பெயரிட்டு ஏற்றினேன்.

3. மௌனம்

மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. வாரங்கள் சென்றன. மனோ காலையில் வந்ததும் மோடத்தை இணைப்பார், பார்ப்பார், அணைப்பார். ஒரு நாள், “தோட்டத்த எவன்ணே பாக்கப் போறான்” என்று மட்டும் சொன்னார். மாத முடிவில் சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறினார். நான் வழியனுப்பச் சென்றேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, திட்டத்தை மூடிவிடக் களஞ்சியத்தினுள் சென்றேன். ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒரு கலந்துரையாடல் பக்கம் புதிதாகத் திறக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். எங்கள் சோதனையாளர்கள் அனைவரும் அங்கே குடியேறியிருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: எட்டு எங்கே? எண்ணைத் தாண்டக் கூடாது என்பதால் ஒன்பதை எவரும் ஏற்றவில்லை. காத்திருந்தார்கள்.

எட்டு என்று ஒன்று இல்லை, ஏழின் மேல் ஒன்பதை ஏற்றலாம் என்று எழுதினேன். அதே வாரத்தில் பதில்கள் வரத் தொடங்கின.

இத்துறைக்கு வரும் இளையோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பொது இடத்தில் ஒரு பொருளை வைக்கும்போது, வாசலுக்கு அப்பால் நிற்பவருக்கு அது தெரியாது என்பதை நினைத்து ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த ஒரு வரியை நாங்கள் எழுதவில்லை.

மனோ இவ்வாண்டு சிங்கப்பூரிலேயே காலமானார். அன்று பதில்கள் வந்ததும் அவருக்குத் தொலைபேசினேன். அதற்குள் அவர் அங்கே வேலையில் ஊன்றிவிட்டிருந்தார். திரும்பி வரும் பேச்சுக்கு இடமில்லை. நடந்ததைச் சொன்னேன். பிறகு ஒரு பதிலைப் படித்துக் காட்டினேன். இந்த மரங்களிலெல்லாம் ஒரே சாய்வில் கீறல் இருக்கிறது, இது என்ன விலங்கின் வேலை, நான் ஒளிவதை விட்டுவிட்டு இதைத் தேடிக்கொண்டே நடந்தேன், வெளியே வர மனமில்லை என்று யாரோ எழுதியிருந்தார்.



“இன்னொரு தடவ படிங்கண்ணே” என்றார்.

படித்தேன்.