தெருக்கோடி வீட்டு முட்டைகள்

திருமங்கலம் சந்தையில் இன்று மருமகளுக்கு முட்டைக்கோழி பார்த்துக் கொடுத்தேன். கோழியின் அடிவயிற்றுச் சூடு விரலில் பட்டதும் எங்கள் பழைய கருங்கோழி நினைவுக்கு வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரான பழங்காநத்தத்தில் காலரா வந்துபோயிருந்தது. பிழைத்தெழுந்த தம்பிக்குத் தினமும் முட்டை கொடுக்கச் சொன்னார் வைத்தியர். அதுவரை கோழியே வளர்த்திராத அம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு இதே சந்தைக்கு வந்தாள்.

"கொண்டை நல்லா செவந்திருக்கணும் தாயி. அடியில ரெண்டு எலும்புக்கும் நடுவுல மூணு விரல் நுழையணும். அதுதான் முட்டை போடுற கோழி," என்றார் கோழிக்காரர். அப்படித் தேடி எடுத்ததுதான் அந்தக் கருங்கோழி.

ஒரு வாரமாகியும் வீட்டில் ஒரு முட்டைகூட இல்லை. உச்சிவெயிலில் கோழி எங்கோ போய்வந்தது. ஒருநாள் நானும் அம்மாவும் அதன் பின்னாலேயே போனோம். காலராவில் எல்லோரும் இறந்துபோன தெருக்கோடி வீட்டின் உடைந்த கதவுக்குள் அது நுழைந்தது.

உள்ளே சேலைத் தூளி ஒன்று இன்னும் தொங்கியது. அதன் கீழே கோழி படுத்திருந்தது. பக்கத்தில் ஆறு முட்டைகள். காற்றே இல்லை. ஆனாலும் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பிடித்து நிறுத்தினாள். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

"போயிரலாம்மா," என்று அழுதேன்.

அம்மா ஐந்து முட்டைகளை மடியில் கட்டினாள். ஆறாவதைத் தூளிக்குள் வைத்தாள். "எம்புள்ளைக்கும் வேணும், கோவிச்சுக்காத ராசா," என்றாள்.

தூளி நின்றது.

தம்பி தேறிவிட்டான். ஆனால் அம்மா வாரம் ஒரு முட்டையை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தாள். முந்தின வாரத்து முட்டை ஒருநாளும் அங்கே இருந்ததில்லை என்பதை, என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.